மலாக்காவை மீட்க ஜொகூர் தேடிய துணை: 1511 முதல் 1641 வரை

ஜொகூர் அரசின் வரலாறு ஓர் இழப்பிலிருந்து தொடங்குகிறது. 1511ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அல்புகெர்க்கின் தலைமையில் வந்த போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். சுல்தான் மாமுட் ஷா மூவார் ஆற்றோரம் பாகோவுக்கும், அங்கிருந்து பகாங்குக்கும், பின்னர்ப் பிந்தான் தீவுக்கும் பெயர்ந்தார். 1526இல் பிந்தானும் அழிக்கப்பட்டது. 1528இல் சுமத்திராவின் கம்பார் என்னுமிடத்தில் அவர் காலமானார். அவருடைய மக்களுள் ஒருவர் பேராக்கில் ஆட்சியை நிறுவினார். மற்றொருவரான அலாவுடின் ரியாயாட் ஷா, ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசொன்றை அமைத்தார். இழந்த துறைமுகத்தை மீட்பது இவ்வரசின் பிறப்போடு ஒட்டிய கடமையாயிற்று.

மலாக்கா 1641ஆம் ஆண்டில்தான் போர்த்துகீசியரிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆனால் அப்போது அது ஜொகூரின் கைக்கு வரவில்லை. ஜொகூரின் துணைவர்களான டச்சுக்காரர்களின் கைக்குச் சென்றது. ஆகவே, டச்சுக்காரர் மலாக்காவைப் பிடித்தபோது ஜொகூர் உதவியது என்ற ஒற்றை வரியில் இச்செய்தியை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இவ்வரி பொய்யன்று, எனினும் இதில் ஜொகூர் பிறருடைய போரில் கூலிக்கு நின்றது போன்ற ஒரு தோற்றம் எழுகிறது. 130 ஆண்டுகள் ஓர் அரசு தன் படையையும் நட்பையும் எவ்வாறு அமைத்துக்கொண்டது, எங்கே தவறியது, எதை ஈட்டியது என்பதை இக்கட்டுரையில் நாம் காண முயல்கிறோம். தமிழர்க்கு இவ்வரலாற்றில் உள்ள இடம் சிறிதன்று என்பதால் அதனையும் உடன் சேர்த்தே நோக்குகிறோம்.

மும்முனைப் பகை

ஜொகூரின் நிலையை உணர்வதற்குப் பகை ஒன்றல்ல, இரண்டு என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். மேற்கே மலாக்காவில் போர்த்துகீசியர். சுமத்திராவின் வடமுனையில் அச்சே. மலாக்கா வீழ்ந்தபின் இஸ்லாமிய வணிகர் பலர் அச்சேயை நாடியதால் அவ்வரசு விரைந்து வளர்ந்தது. அதுவும் மலாக்காவைக் கைப்பற்ற விரும்பியது. மலாக்கா அரசமரபின் வாரிசு என்று உரிமை கோரிய ஜொகூரையும் அது தனக்குக் கீழ்ப்படுத்த விரும்பியது.

போர்த்துகீசியர் 1535இலும் 1536இலும் ஜொகூர் ஆற்றுக்குள் நுழைந்து தாக்கினர். அப்படையெடுப்புகளை நடத்தியவர் வாஸ்கோ ட காமாவின் மகன் எஸ்தேவாவோ ட காமா. 1551இல் ஜொகூர், பேராக், பகாங் ஆகியவை சாவகத்து ஜெப்பாராவையும் சேர்த்துக்கொண்டு மலாக்காவை முற்றுகையிட்டுத் தோற்றன. 1564இல் அச்சே ஜொகூரைத் தாக்கிச் சுல்தான் அலாவுடினையே சிறைப்படுத்திக்கொண்டு சென்றது. இதற்கு நான்காண்டுகள் கழித்து, 1568இல், அச்சே மலாக்காவை முற்றுகையிட்டபோது ஜொகூரின் கப்பற்படை போர்த்துகீசியருக்கு உதவப் புறப்பட்டது. அது போய்ச் சேரும் முன்னரே அச்சேப் படை திரும்பிவிட்டது என்றாலும், பரம்பரைப் பகைவரிடமே ஜொகூர் துணைக்குச் சென்றதென்பது நோக்கத்தக்கது. சமய ஒற்றுமையோ பழைய வஞ்சமோ அந்நாளைய நட்பையும் பகையையும் முழுமையாகத் தீர்மானிக்கவில்லை.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம், ஒரு செயலில் இறங்குமுன் எடைபோட வேண்டியவற்றுள் பகைவர் வலிமையோடு துணைவர் வலிமையையும் சேர்க்கிறது. ஜொகூரின் சிக்கல் இங்கேதான் இருந்தது. எவர் துணைவர், எவர் பகைவர் என்பதே பத்தாண்டுக்கு ஒருமுறை மாறிய கடலில் அது வாழ்ந்தது.

ஆறே அரண்

ஜொகூரின் படை ஆயத்தம் எத்தகையது? கோட்டை மதில்களைக்கொண்டு இதனை அளப்பது பொருந்தாது. ஜொகூர் ஆறு அகன்ற முகத்துவாரமும், உட்செல்லச் செல்லக் குறுகும் போக்கும், இருமருங்கும் அலையாத்திக் காடும் உடையது. பெரிய போர்த்துகீசியக் கலங்கள் அதன் கீழ்ப்பகுதி வரைதான் எளிதில் வர இயலும். நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணாகக் கூறும் தமிழ் மரபை அறிந்தோர்க்கு இவ்விடத்தின் தேர்வு வியப்பளிக்காது. சாயோங், ஜொகூர் லாமா, செலுயுட், பத்து சாவார், பாசிர் ராஜா, கோத்தா திங்கி எனத் தலைநகரங்கள் இவ்வாற்றின் வழியே மேலும் கீழுமாக இடம்பெயர்ந்தன. மரத்தாலும் ஓலையாலும் அமைந்த ஊரை எரித்தாலும் சில மாதங்களில் வேறோரிடத்தில் எழுப்பிவிடலாம். மக்கள் தப்பினால் அரசும் தப்பியது.

ஆற்றைவிடப் பெரிய வலிமை ஓராங் லாவுட் எனப்படும் கடல்வாழ் மக்களிடம் இருந்தது. ரியாவ், லிங்காத் தீவுகளிடையே படகுகளையே வீடாகக்கொண்டு வாழ்ந்த இவர்கள், நீரோட்டங்களையும் திட்டுகளையும் அறிந்தவர்கள். மலாக்கா அரசமரபின்மீது ஆழ்ந்த பற்றுடையவர்கள். வணிகக் கலங்களை ஜொகூர்த் துறைக்குத் திருப்புவதும், பகைவரின் கலங்களை உளவறிவதும், போர்க்காலத்தில் துடுப்பு வலிப்பதும் இவர்கள் பணி. நிலைப்படை வைத்திருக்கப் பொருள்வளம் இல்லாத ஓர் அரசுக்கு இம்மக்களின் பற்றே நிலைப்படையாக இருந்தது எனலாம்.

இம்முறையிலிருந்து ஜொகூர் ஒருமுறை விலகியது. அதற்குப் பெருவிலை கொடுத்தது. ஏறத்தாழ 1540 முதல் ஜொகூர் லாமாவில், ஆற்றை நோக்கிய மேட்டில், கல்லும் மண்ணும் கொண்டு கோத்தா பத்து என்னும் வலுவான கோட்டை எழுப்பப்பட்டது. அக்கோட்டையின் துணிவில் சுல்தான் அலி ஜல்லா 1586இலும் 1587இலும் மலாக்காவுக்குச் செல்லும் உணவையும் வணிகத்தையும் தடுக்கலானார். கோவாவிலிருந்து டோம் பாவ்லோ ட லீமா பெரைரா தலைமையில் பெரும்படை அனுப்பப்பட்டது. 1587 ஆகஸ்டில் ஜொகூர் லாமா வீழ்ந்தது, நகரம் எரியூட்டப்பட்டது, ஏராளமான பீரங்கிகள் பகைவர் வசமாயின. கீழாற்றில் நிலையான கோட்டையமைத்துப் பகைவருடைய முறையிலேயே அவரை எதிர்க்க முயன்றது தவறு என்பது நம் கருத்து. தலைநகர் மேலாற்றில் உள்ள பத்து சாவாருக்கு மாறியது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். மலாய் நூல்கள் போர்த்துகீசியரைப் ‘ஃபெரிங்கி’ என்று வழங்குகின்றன. தமிழிலும் அவர்கள் ‘பறங்கியர்’. நாம் இன்றும் வழங்கும் ‘பீரங்கி’ என்ற சொல்லும் அதே மூலத்திலிருந்து கிளைத்தது என்பர். பகைவரின் பெயரே அவர்தம் கருவிக்கும் பெயராயிற்று.

கடலோரம் ஒரு கப்பல்

1587க்குப்பின் ஜொகூருக்குத் தெளிவான உண்மை ஒன்று உண்டு: தன் படையால் மட்டும் மலாக்காவை வெல்ல இயலாது. ஆழ்கடலில் நின்று போரிடும் பெருங்கலங்களும், கோட்டை மதிலை உடைக்கும் கனத்த பீரங்கிகளும் வேண்டும். இவ்விரண்டும் உடைய புதிய இனத்தார், அதுவும் போர்த்துகீசியரின் பகைவர், அடுத்த சில ஆண்டுகளில் இக்கடலுக்கு வந்து சேர்ந்தனர்.

1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவப்பட்டது. 1603 பிப்ரவரி 25ஆம் நாள், ஜொகூர் ஆற்று முகத்துவாரத்தை அடுத்து, மக்காவிலிருந்து மலாக்கா நோக்கி வந்த ‘சந்தா கத்தரீனா’ என்னும் பெருங்கப்பலை யாக்கப் வான் ஹேம்ஸ்கெர்க் என்ற டச்சுத் தளபதி கைப்பற்றினார். இதற்குத் துணைநின்றவர் சுல்தானின் இளவல் ராஜா போங்சு. சீனப் பட்டும் பீங்கானும் நிறைந்த அச்சரக்கு ஆம்ஸ்டர்டாமில் 30 இலட்சம் கில்டருக்கு மேல் விலைபோனது. கம்பெனியின் தொடக்க முதலீடே சுமார் 64 இலட்சம் கில்டர்தான் என்பதை எண்ணினால் இதன் அளவு விளங்கும்.

இக்கொள்ளை முறையானதா என்ற கேள்வி ஹாலந்திலேயே எழுந்தது. கம்பெனிக்காக வாதாட ஹியூகோ குரோட்டியஸ் என்ற இளம் சட்ட அறிஞர் எழுதிய நீண்ட நூலின் ஒரு பகுதியே 1609இல் வெளிவந்து, கடல் அனைவருக்கும் பொது என்னும் கொள்கைக்கு அடித்தளமாயிற்று. ஜொகூர் மன்னர் போர் தொடுக்கவும் நட்புறவு கொள்ளவும் முழு உரிமையுடைய இறைமையாளர் என்பதும், டச்சுக்காரர் அவருடைய துணைவர் என்ற நிலையில் போரிடலாம் என்பதும் அவருடைய வாதங்களுள் அடங்கும். பன்னாட்டுச் சட்ட வரலாற்றில் ஜொகூர் இவ்வாறு இடம்பெற்றிருப்பது நம் மாணவர் பலர் அறியாதது. பீட்டர் போர்ஷ்பெர்க்கின் ஆய்வுகள் இதனை விரிவாக எடுத்துரைக்கின்றன.

அவ்வாண்டு அக்டோபரில் ஜொகூர் ஆற்றைப் போர்த்துகீசியர் அடைத்து நின்றபோது டச்சுக் கலங்கள் அவ்வடைப்பை உடைத்தன. நட்பு பயன்தரும் என்பதற்கு ஜொகூர் கண்ட நேர்ச்சான்று இது. ஹாலந்துக்குத் தூதரும் அனுப்பப்பட்டனர். தூதுக்குழுவின் தலைவர் மெகாட் மன்சூர் வழியிலேயே இறந்தார்.

1606: உடன்படிக்கையும் அதன் எல்லையும்

1606இல் கொர்னேலிஸ் மாட்டெலிஃப் 11 கப்பல்களோடு மலாக்கா முன் வந்து நின்றார். மே 17ஆம் நாள் ஜொகூருடன் உடன்படிக்கை எழுதப்பட்டது. மலாக்கா வென்றபின் நகரம் டச்சுக்காரருக்கு, சுற்றியுள்ள நிலம் ஜொகூருக்கு என்பது அதன் சாரம். ஒருவரையறியாமல் மற்றவர் பகைவரோடு அமைதி செய்துகொள்ளலாகாது. சமயத்தின் பொருட்டு ஒருவரை மற்றவர் துன்புறுத்தலாகாது என்பனவும் அதில் இடம்பெற்றன.

நகரத்தை ஏன் விட்டுக்கொடுத்தனர்? மரபுரிமை கோரிய அரசு மரபின் இருப்பிடத்தையே துணைவர்க்குத் தருவது முரணாகத் தோன்றலாம். ஆனால் அந்நாளில் ஜொகூர்த் துறைமுகத்துக்கு வணிகர் வந்துகொண்டிருந்தனர். மலாக்காக் கோட்டையைப் பிடித்தாலும் அதைக் காக்கும் பெருங்கப்பற்படை ஜொகூரிடம் இல்லை. தன்னால் காக்க இயலாததைக் கொடுத்து, தனக்கு உயிரானவற்றை, அதாவது ஆற்றையும் நிலத்தையும் வணிகத்தையும், காத்துக்கொள்வது அறிவுடைமை என்று அவ்வரசு எண்ணியிருத்தல் கூடும். இதனை நம் ஊகமாகவே வைக்கிறோம்.

முற்றுகை வெற்றி பெறவில்லை. அந்திரே ஃபுர்த்தாடோ ட மெண்டோன்சா நகரை உறுதியாகக் காத்தார். ஆகஸ்டில் கோவாவின் அரசப் பிரதிநிதி மார்ட்டிம் அஃபோன்சோ ட காஸ்ட்ரோ பெரும் கப்பற்படையோடு வந்தார். 16 முதல் 18 வரை தஞ்சோங் துவானுக்கு அப்பால் நடந்த கடற்போரில் இருதரப்பும் இவ்விரு கப்பல்களை இழந்தன. ஜொகூர் போதிய ஆளணி தரவில்லை என்று மாட்டெலிஃப் குறைகூறினார். சுல்தான் அலாவுடின் குடியில் நாட்டமுடையவராகவும், ஊக்கமெல்லாம் ராஜா போங்சுவிடமே இருந்ததாகவும் டச்சுக் குறிப்புகள் காட்டுகின்றன. அரண்மனைக்குள் ஒருமனம் இல்லாத அரசின் வாக்குறுதியைப் படைவலிமையாக எண்ணியது டச்சுக்காரரின் பிழை.

ஜொகூரின் பிழை வேறு. துணைவரின் நலன் எங்கே முடிகிறது என்பதை அது காணத் தவறியது. 1609இல் டச்சு மாகாணங்களும் ஸ்பெயினும் 12 ஆண்டுப் போர்நிறுத்தம் செய்துகொண்டன. போர்த்துகல் அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஐரோப்பாவின் ஒரு மூலையில் இடப்பட்ட கையெழுத்து பத்து சாவாரின் அரணைத் தளர்த்தியது. 1610இல் ஜொகூர் மலாக்காவோடு அமைதி செய்துகொண்டது. அவ்வமைதி அச்சேயின் சினத்தைக் கிளறியது. 1613இல் இஸ்கண்டார் மூடாவின் படை பத்து சாவாரை அழித்து, சுல்தானையும் ராஜா போங்சுவையும் அச்சேக்குக் கொண்டுசென்றது. பின்னர் ராஜா போங்சு இஸ்கண்டார் மூடாவின் உடன்பிறந்தாளை மணந்து, அப்துல்லா மாயாட் ஷா என்னும் பெயரோடு அரசராகத் திரும்பினார். அச்சேயின் பிடியிலிருந்தும் அவர் விலகவே முயன்றார். 1623இல் தம்பெலான் தீவில் காலமானார்.

ஒரு நூலும் ஒரு வணிகனும்

அச்சே தாக்குவதற்கு முந்தைய ஆண்டாகிய 1612இல், இதே ராஜா போங்சுவின் ஆணையால்தான் சுலாலத்துஸ் சலாத்தின் என்னும் செஜாரா மெலாயு ஜொகூரில் தொகுக்கப்பட்டது. பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கின் பெயர் இந்நூலோடு இணைத்துக் கூறப்படுகிறது. தமிழாசிரியர் பலரும் இந்நூலை ராஜா சூரான் கதைக்காகவே அறிவர். கெலிங் நாட்டரசன் ராஜா சூரான் கங்கா நகரத்தை வென்றபின், ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற் கோட்டையுடன் விளங்கிய கங்காயுவை வென்றதாக அக்கதை கூறும். 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பின் நினைவு இதில் படிந்திருப்பதாக ஆய்வாளர் கருதுவர். தன் ஆற்றின் மேற்புறமே ஒருகாலத்தில் கடல்கடந்து வந்த படைக்கு வீழ்ந்தது என்ற கதையை ஜொகூர் அரசவை எழுதி வைத்துக்கொண்டது கருதத்தக்கது.

அதைவிட நுட்பமானது மலாக்காவின் வீழ்ச்சியை அந்நூல் விளக்கும் முறை. பறங்கியரின் பீரங்கி அதில் வருகிறது. ஆனால் கேட்டின் வேர் அரசவைக்குள் காட்டப்படுகிறது. நினா சுரா தேவானா, ராஜா மெண்டெலியார் என்னும் இரு கெலிங் வணிகரிடையே எழுந்த வழக்கும், கித்துல் என்பவன் மூட்டிய கோளும், அது சுல்தானின் செவிக்கு எட்டியதும், குற்றமற்ற பெண்டஹாரா துன் முத்தாகிர் கொல்லப்பட்டதும் விரித்துரைக்கப்படுகின்றன. இதனைத் தமிழரைப் பழிக்கும் பகுதியாக வாசித்து வருந்துவோர் உளர். அக்கதையில் கோளுக்குச் செவிசாய்த்துத் தீர்ப்பளிப்பவர் சுல்தானே. நூலின் கடிந்துரை இறுதியில் அவரையே சாரும். அயல்நாட்டுக் கப்பலையும் பீரங்கியையும் பத்தாண்டுகள் தேடி அலைந்த ஓர் இளவரசர், மலாக்கா ஏன் வீழ்ந்தது என்ற வினாவுக்கு ஆயுதக் குறையை விடையாகக் கூறாத நூலொன்றை ஆக்குவித்தார். இதனை நாம் பொருட்படுத்த வேண்டும்.

தமிழ் வணிகரின் நிலையை நினா சாத்து என்பவரின் வாழ்வு காட்டும். நயினா செட்டி என்பதன் திரிபாக இப்பெயர் இருத்தல் கூடும். 1511க்கு முன் மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியருக்கு உதவிய இவ்விந்து வணிகரை அல்புகெர்க் பெண்டஹாராவாக்கினார். 1514இல் அப்பதவி சுல்தான் மாமுட்டின் உறவினரான கம்பார் அரசர் அப்துல்லாவுக்குத் தரப்பட்டது. மானமிழந்த நினா சாத்து தீப்பாய்ந்து உயிர்துறந்தார் என்று போர்த்துகீசிய வரலாற்று நூல்கள் கூறும். அப்துல்லாவும் நெடுநாள் நிலைக்கவில்லை. பிந்தானோடு உறவாடுகிறார் என்ற ஐயத்தில் போர்த்துகீசியரே அவரைக் கொன்றனர். வல்லரசின் நண்பர்களாயிருந்த இருவருக்கும் நேர்ந்தது இதுதான்.

1641

1623இல் அரியணையேறிய சுல்தான் அப்துல் ஜலீல் ஷா காத்திருந்தார். காலமும் கனிந்தது. 1629இல் அச்சே மலாக்காவின்மீது தொடுத்த பெரும்போரில் தன் கப்பற்படையை ஏறத்தாழ முற்றிலும் இழந்தது. 1636இல் இஸ்கண்டார் மூடா மறைந்தார். டச்சுக்காரர் 1619இல் பத்தாவியாவை நிறுவி, 1633 முதல் மலாக்கா நீரிணையை அடைத்து நின்றனர்.

இவ்வடைப்பு தமிழகக் கரையோடு தொடர்புடையது. மலாக்கா தன் அரிசிக்கும் துணிக்கும் சோழமண்டலக் கரையையும் வங்கத்தையும் பெரிதும் நம்பியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சாந்தோமிலிருந்தும் புறப்பட்ட போர்த்துகீசியக் கலங்கள் தடுக்கப்பட்டதும் நகரம் மெலியத் தொடங்கியது. மறுபுறம், டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பியிருந்தனர். அங்கு ஆக்கப்பட்ட வெடிமருந்து அவர்களுடைய ஆசியத் தளங்களுக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்து சென்ற துணியே இத்தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றுப் பொருளாயிற்று.

1637இல் நட்பு புதுப்பிக்கப்பட்டது. 1640 ஆகஸ்டுத் தொடக்கத்தில் டச்சுப் படை மலாக்காவின் வடபுறத்தில் கரையிறங்கியது. ஜொகூர் சுமார் 40 கலங்களையும் 1,500 வீரரையும் அனுப்பியது. இது டச்சுப் படையின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ ஈடானது. பதுங்குகுழி தோண்டுதல், பொருள்களைக் கொண்டு சேர்த்தல், தப்புவோரைத் தடுத்தல், கடல்வழியாக உணவு நுழையாமல் காத்தல் ஆகியவை இவர்கள் ஆற்றிய பணி. பட்டினியாலும் கொள்ளைநோயாலும் நகரம் வெறிச்சோடியது. முற்றுகையிட்டோரையும் நோய் விடவில்லை. அடுத்தடுத்து இரு டச்சுத் தளபதிகள் இறந்தனர். 1641 ஜனவரி 14ஆம் நாள் மின்னே வில்லெம்சூன் கார்ட்டெகூ தலைமையில் நடந்த இறுதித் தாக்குதலில் கோட்டை வீழ்ந்தது.

ஜொகூர் பெற்றது என்ன? நகரம் இல்லை. ஆனால் டச்சுக்காரரின் இடையீட்டால் அச்சேயோடு அவ்வாண்டே அமைதி ஏற்பட்டது. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக ஜொகூரை எரித்துவந்த பகை அடங்கியது. ஜொகூர் வணிகருக்கு மலாக்காவில் பிறருக்கில்லாத சலுகைகள் கிடைத்தன. 1641 முதல் 1728 வரையிலான ஜொகூரை ஆராய்ந்த லியோனார்ட் அண்டாயா, இந்நட்பின் நிழலில்தான் அவ்வரசு மீண்டும் தலைநிமிர்ந்தது என்று காட்டுகிறார். அவர் முடிவை நாமும் ஏற்கிறோம். ஆயினும் ‘நிழல்’ என்பது ஜொகூரே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நீரூற்றி வளர்த்த மரத்தின் நிழல் என்பதையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம்.

அந்நிழலின் எல்லை 1673இல் தெரிந்தது. அவ்வாண்டு சுமத்திராவின் ஜாம்பிப் படை பத்து சாவாரைச் சூறையாடியது. டச்சுக்காரர் ஜொகூருக்காகப் படைநடத்தவில்லை. அவர்களுக்கு ஜாம்பியின் மிளகும் வேண்டியிருந்தது. முதிய சுல்தான் பகாங்குக்குச் சென்று 1677இல் அங்கேயே காலமானார். அரசை மீண்டும் கட்டியெழுப்பும் பொறுப்பு லக்சமணா அப்துல் ஜமீலிடம் வந்தது. அவர் புதிய துணைவரைத் தேடுமுன் ரியாவுக்குச் சென்று, சிதறிக்கிடந்த ஓராங் லாவுட் மக்களை ஒன்றுதிரட்டினார்.